நெட்ஃபிளிக்ஸ் சர்வர் ஓடுவதே இந்த ஓஎஸ்-ல்தான்... ஆனா அதில் நெட்ஃபிளிக்ஸ் பார்க்க சப்போர்ட் இல்லை! ஏன் இப்படி?

நெட்ஃபிளிக்ஸில் ஒரு படத்துக்கு பிளே பட்டனை அழுத்தினால், அந்த வீடியோ நம் வீட்டுக்கு வருவது நெட்ஃபிளிக்ஸின் சொந்த சர்வர்களில் இருந்து. அந்த சர்வர்களில் இருப்பது விண்டோஸ் இல்லை. 'ஃப்ரீபிஎஸ்டி' என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் இயங்குதளம்.

சரி, அதே ஃப்ரீபிஎஸ்டியை நம் லேப்டாப்பில் போட்டு, பிரவுசரைத் திறந்து நெட்ஃபிளிக்ஸ் பார்க்கலாமா? நேரடியாக முடியாது. சுற்றுவழியில் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது நின்றுபோனால் கேட்க ஆள் கிடையாது. ஆதரவு பட்டியலில் இந்த ஓஎஸ் பெயரே இல்லை.

இது நெட்ஃபிளிக்ஸ் கதை மட்டும் இல்லை. விண்டோஸ், மேக் தவிர வேறு எதைப் பயன்படுத்தினாலும் பலரும் இந்தச் சுவரில் முட்டிக்கொள்கிறார்கள். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. 'பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக்கலாமா?' என்று யோசிப்பவர்களுக்கு இது நேரடியாக பாக்கெட்டைத் தொடும் விஷயம். எதனால் இப்படி, இதற்கு வழி உண்டா? விரிவாகப் பார்க்கலாம்.

ஃப்ரீபிஎஸ்டி என்றால் என்ன?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவான யுனிக்ஸ் வகை இயங்குதளம் பிஎஸ்டி. அந்த வம்சத்தில் 1993-ல் வந்ததுதான் ஃப்ரீபிஎஸ்டி. லினக்ஸுக்கு கிட்டத்தட்ட சம வயது. லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை முதலில் வெளியிட்டது 1991-ல்.

இரண்டுமே இலவசம், இரண்டின் சோர்ஸ் கோடும் எல்லோருக்கும் திறந்தே இருக்கும். உரிமத்தில்தான் வித்தியாசம். லினக்ஸ் கர்னலை மாற்றி அமைத்து விற்றால், அந்த மாற்றங்களையும் வாங்கியவருக்குத் தர வேண்டும். ஃப்ரீபிஎஸ்டியில் அந்தக் கட்டாயம் இல்லை. எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கலாம். உரிமக் குறிப்பை மட்டும் நீக்காமல் இருந்தால் போதும்.

யாரெல்லாம் இதை வைத்து பிழைக்கிறார்கள்?

பட்டியலைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

• நெட்ஃபிளிக்ஸ்: 'ஓப்பன் கனெக்ட்' என்ற பெயரில் உலகம் முழுக்க இணைய சேவை நிறுவனங்களில் வைத்திருக்கும் வீடியோ சர்வர்கள் ஃப்ரீபிஎஸ்டியில் இயங்குகின்றன. ஒரே ஒரு சர்வரில் இருந்து வினாடிக்கு 400 ஜிகாபிட் வீடியோ அனுப்ப முடிகிறது என்பதை அதன் பொறியாளர்கள் 2021-ல் ஒரு மாநாட்டில் விளக்கினார்கள்.

• வாட்ஸ்அப்: ஃபேஸ்புக் வாங்குவதற்கு முன், 2012-ல், ஒரே ஃப்ரீபிஎஸ்டி சர்வரில் 20 லட்சம் இணைப்புகளைத் தாங்க வைத்ததாக வாட்ஸ்அப் பெருமையாக அறிவித்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜான் கூம், 2014-ல் ஃப்ரீபிஎஸ்டி அறக்கட்டளைக்கு 10 லட்சம் டாலர் நன்கொடை கொடுத்தார்.

• சோனி: பிளேஸ்டேஷன் 4 கேம் கன்சோலின் இயங்குதளம் ஃப்ரீபிஎஸ்டியை அடிப்படையாகக் கொண்டது.

• ஆப்பிள்: மேக் கம்ப்யூட்டர்களின் அடித்தளத்தில் ஃப்ரீபிஎஸ்டியில் இருந்து எடுக்கப்பட்ட கோடு கணிசமாக இருக்கிறது.

ஆக, இந்த ஓஎஸ் தரமில்லாதது, நம்ப முடியாதது என்று யாரும் சொல்ல முடியாது. பெரிய பெரிய கம்பெனிகளே தலையில் தூக்கி வைத்துக்கொள்ளும் சரக்குதான் இது.

அப்போ சிக்கல் எங்கே?

சர்வர் அறையில் இருக்கும்போது ராஜா. மேசைக்கு வந்துவிட்டால் அனாதை. அதுதான் சிக்கல்.

நெட்ஃபிளிக்ஸ் உதாரணத்தையே எடுத்துக்கொள்ளலாம். படங்களைத் திருட்டுத்தனமாக காப்பி எடுக்காமல் தடுக்க, பிரவுசருக்குள் 'வைட்வைன்' என்ற பூட்டு இருக்க வேண்டும். இது கூகுளுடையது. இதன் சோர்ஸ் கோடு வெளியே கிடைக்காது. தயார் நிலையில் உள்ள கோப்பாகத்தான் தருவார்கள். விண்டோஸ், மேக், லினக்ஸுக்கு அந்தக் கோப்பு இருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டிக்கு இல்லை. சோர்ஸ் கோடு கையில் இருந்தால் தன்னார்வலர்களே தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வார்கள். அது இல்லாதபோது யாராலும் எதுவும் செய்ய முடியாது.

என்விடியா இன்னொரு உதாரணம். தன் கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு ஃப்ரீபிஎஸ்டி டிரைவரை அந்த நிறுவனமே வெளியிடுகிறது. பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் ஏஐ வேலைகளுக்கு அடிப்படையான 'கூடா' மென்பொருள் ஃப்ரீபிஎஸ்டிக்கு கிடையாது. கார்டு இருக்கும், படம் தெரியும், ஆனால் அந்தக் கார்டை எதற்காக இவ்வளவு விலை கொடுத்து வாங்கினோமோ அந்த வேலை நடக்காது.

லினக்ஸ் கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் அடோபி ஃபோட்டோஷாப், மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸின் டெஸ்க்டாப் பதிப்பு ஆகியவை லினக்ஸுக்கு வருவதில்லை. நம் ஊர் கடைகளிலும் ஆடிட்டர் ஆபீஸ்களிலும் ஓடும் டேலி, விண்டோஸுக்கான மென்பொருள். கம்ப்யூட்டரில் போடும் வாட்ஸ்அப் செயலிகூட விண்டோஸுக்கும் மேக்குக்கும்தான். லினக்ஸ்காரர்களுக்கு பிரவுசர் வழியாக வாட்ஸ்அப் வெப் மட்டுமே.

'ஓடுது' வேற... 'சப்போர்ட் இருக்கு' வேற!

இந்த விவகாரத்தில் பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான்.

ஒரு மென்பொருள் ஒரு ஓஎஸ்-ல் ஓடுவது என்பது தொழில்நுட்ப விஷயம். அதற்கு 'சப்போர்ட் இருக்கு' என்பது ஒரு வாக்குறுதி. 'இந்த ஓஎஸ்-ல், இந்தப் பதிப்பில் சோதித்துப் பார்த்திருக்கிறோம். நாளைக்கு பிரச்னை வந்தால் போன் பண்ணுங்க, நாங்க பொறுப்பு' என்று நிறுவனம் சொல்வது. காசு கொடுத்து மென்பொருள் வாங்குபவர் உண்மையில் வாங்குவது இந்த வாக்குறுதியைத்தான்.

ஆரக்கிள் டேட்டாபேஸ் இதற்கு நல்ல உதாரணம். லினக்ஸில் நூற்றுக்கணக்கான ரகங்கள் உண்டு. ஆனால் ஆரக்கிள் தன் டேட்டாபேஸுக்கு சான்று கொடுப்பது தன் சொந்த ஆரக்கிள் லினக்ஸ், ரெட் ஹேட், சூஸே போன்ற சிலவற்றுக்கு மட்டும்தான். டெபியன் போன்ற மற்ற லினக்ஸ்களில் அதை எப்படியாவது ஓட வைத்துவிடலாம், வைத்தவர்களும் உண்டு. ஆனால் நள்ளிரவில் டேட்டாபேஸ் படுத்துவிட்டால், 'நீங்க பயன்படுத்துற ஓஎஸ் எங்க பட்டியலில் இல்லையே' என்ற பதில்தான் வரும்.

ஒரு வங்கியோ மருத்துவமனையோ அந்த பதிலைக் கேட்கும் நிலையில் இருக்க முடியாது. அதனால்தான் இலவச லினக்ஸ் கிடைக்கும் உலகத்திலும், ரெட் ஹேட் ஆண்டு சந்தா வாங்கி பெரிய தொழில் நடத்துகிறது. ஓஎஸ் இலவசம், பொறுப்பேற்பதற்குத்தான் காசு.

ஒரு பதிப்பு கூடுதலாக வெளியிட அப்படி என்ன செலவு?

'கோடை கொஞ்சம் மாற்றி இன்னொரு ஓஎஸ்-க்கும் விட்டால் என்ன குறைந்துவிடும்?' என்று கேட்பது இயல்பு. ஆனால் முதல் தடவை மாற்றுவது சின்ன செலவு. அதற்குப் பிறகு வருடா வருடம் வருவதுதான் பெரிய செலவு.

ஒரு பேச்சுக்கு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு மென்பொருளின் ஆண்டு சந்தா 1,000 ரூபாய், வாடிக்கையாளர்கள் 1 லட்சம் பேர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 50 பேர் ஃப்ரீபிஎஸ்டி பயன்படுத்துகிறார்கள். அவர்களிடம் இருந்து வருடத்துக்கு வரும் வருமானம் 50,000 ரூபாய்.

செலவு என்ன? ஒவ்வொரு அப்டேட்டையும் அந்த ஓஎஸ்-ல் சோதிக்க ஒரு ஆள், அதற்கான மெஷின்கள், புதிய ஓஎஸ் பதிப்பு வரும்போதெல்லாம் மறுபடி சோதனை, பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் உடனடி திருத்தம், வாடிக்கையாளர் அழைப்பை எடுப்பவருக்கு அந்த ஓஎஸ் பற்றிய பயிற்சி. அந்த 50,000 ரூபாய், ஒரு நல்ல சோதனைப் பொறியாளரின் ஒரு மாத சம்பளத்துக்கே சரியாகப் போய்விடும். மீதி 11 மாதம்?

இங்கே கோழி முதலா, முட்டை முதலா கதை தொடங்குகிறது. மென்பொருள் இல்லாததால் மக்கள் அந்த ஓஎஸ்-க்கு வருவதில்லை. மக்கள் வராததால் நிறுவனங்கள் மென்பொருள் செய்வதில்லை. ஸ்டாட்கவுண்டர் என்ற இணைய ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, உலக டெஸ்க்டாப்களில் லினக்ஸின் பங்கு 4 சதவீதத்தைத் தொட்டதே 2024 பிப்ரவரியில்தான். லினக்ஸ் பிறந்து 30 ஆண்டுகள் கழித்து! ஃப்ரீபிஎஸ்டியின் பங்கு அதில் ஒரு துளிகூட தேறாது.

லினக்ஸை உருவாக்கியவருக்கே இந்த தலைவலி

பயனர் எண்ணிக்கை மட்டும்தான் காரணமா என்றால், இல்லை. லினக்ஸ் என்பது ஒரே பொருள் கிடையாது. உபுண்டு, ஃபெடோரா, டெபியன், ஆர்ச் என்று ஒவ்வொன்றும் தனித்தனி வீடு. ஒவ்வொரு வீட்டிலும் கதவு, பூட்டு, சாவி எல்லாம் வேறு வேறு. ஒரு வீட்டுக்குச் செய்த சாவி அடுத்த வீட்டில் நுழையாது.

லினஸ் டோர்வால்ட்ஸ் ஸ்கூபா டைவிங் பிரியர். கடலுக்குள் இறங்கிய விவரங்களைப் பதிவு செய்ய 'சப்சர்ஃபேஸ்' என்ற செயலியைத் தொடங்கியவரும் அவர்தான். 2014-ல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் நடந்த டெபியன் மாநாட்டில் பேசியபோது, அந்தச் செயலியை விண்டோஸுக்கும் மேக்குக்கும் தயார் நிலையில் கொடுக்க முடிகிறது, லினக்ஸுக்கு அப்படிக் கொடுப்பதுதான் பெரும் தொல்லை என்று வெளிப்படையாகவே புலம்பினார்.

லினக்ஸை உருவாக்கியவருக்கே இந்த நிலை என்றால், லாபக் கணக்கு பார்க்கும் ஒரு கம்பெனி எதற்கு மெனக்கெடும்? இதற்குத் தீர்வாகத்தான் ஃபிளாட்பேக், ஸ்னாப், ஆப்இமேஜ் என்ற முறைகள் வந்தன. செயலிக்குத் தேவையான சாமான்களை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி, எந்த லினக்ஸிலும் ஓடும்படி கொடுப்பது இவற்றின் வேலை. நிலைமை இப்போது முன்னைவிட எவ்வளவோ மேல். ஆனால் இந்த மூட்டைகளும் லினக்ஸுக்குத்தான், ஃப்ரீபிஎஸ்டிக்கு இல்லை.

வந்தவர்களும் போனார்கள்

யாருமே முயற்சி செய்யவில்லை என்று சொல்ல முடியாது. வந்தார்கள், கணக்கு சரிவரவில்லை, போய்விட்டார்கள்.

ஓபரா பிரவுசர் ஒரு காலத்தில் ஃப்ரீபிஎஸ்டிக்கு என்றே தனிப் பதிப்பு வெளியிட்டு வந்தது. 2013-ல் தன் சொந்த எஞ்சினைக் கைவிட்டு, கூகுளின் குரோமியத்துக்கு மாறியது. லினக்ஸ் பதிப்பு தாமதமாகவாவது திரும்பி வந்தது. ஃப்ரீபிஎஸ்டி பதிப்பு வரவே இல்லை.

மைக்ரோசாஃப்ட் 2019 டிசம்பரில் லினக்ஸுக்கு டீம்ஸ் செயலியைக் கொண்டு வந்தபோது லினக்ஸ் உலகம் கொண்டாடியது. மூன்றே ஆண்டுகளில், 2022 டிசம்பரில், அதற்கு மூடுவிழா நடத்தப்பட்டது. பிரவுசர் வழியாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

எபெக்ஸ் லெஜண்ட்ஸ் கேம் விவகாரம் இன்னும் கசப்பானது. அது லினக்ஸில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. 2024 அக்டோபர் இறுதியில், லினக்ஸ் வழியாக ஏமாற்றி விளையாடுபவர்களைத் தடுப்பது கடினமாக இருக்கிறது என்று காரணம் சொல்லி, லினக்ஸ் பயனர்கள் எல்லோருக்கும் கதவைச் சாத்திவிட்டது அதன் நிறுவனம். நேற்று வரை விளையாடியவர் இன்று விளையாட முடியாது. மற்றவர் கையில் இருக்கும் சாவியை நம்பி வீடு கட்டினால் இதுதான் நடக்கும்.

பயனர்கள் எப்படி சமாளிக்கிறார்கள்?

மூன்று வழிகள் இருக்கின்றன.

1. மொழிபெயர்ப்பு அடுக்கு: ஃப்ரீபிஎஸ்டிக்குள் 'லினக்ஸுலேட்டர்' என்ற வசதி 1990-களில் இருந்தே இருக்கிறது. லினக்ஸுக்காக எழுதப்பட்ட செயலி, தான் லினக்ஸில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு கேட்கும் கேள்விகளுக்கு, ஃப்ரீபிஎஸ்டி பதில் சொல்லும். நெட்ஃபிளிக்ஸ் பார்க்க நினைப்பவர்கள் போகும் சுற்றுவழியும் இதுதான். லினக்ஸ் பிரவுசரை இதற்குள் ஓட்டி, வைட்வைன் பூட்டையும் அதோடு சேர்த்து ஓட்டுகிறார்கள். விண்டோஸ் செயலிகளை லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் ஓட்ட இதே பாணியில் உள்ள 'வைன்' 1993-ல் தொடங்கப்பட்டது.

2. தன்னார்வலர்களின் உழைப்பு: சோர்ஸ் கோடு திறந்திருக்கும் மென்பொருளை, ஃப்ரீபிஎஸ்டிக்கு ஏற்றபடி தன்னார்வலர்கள் மாற்றி வழங்குகிறார்கள். குரோமியம் பிரவுசர் அப்படித்தான் கிடைக்கிறது. கூகுள் சில வாரங்களுக்கு ஒரு முறை புதிய பதிப்பை விட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கணக்கான இடங்களில் கை வைத்து அதை ஃப்ரீபிஎஸ்டிக்குப் பொருத்துவது, சம்பளம் வாங்காத சிலரின் இரவு நேர வேலை.

3. பிரவுசரிலேயே எல்லாம்: மெயில், கணக்கு, டிசைன், அரசு சேவைகள் என்று எல்லாமே இணையத்துக்கு வந்துவிட்டதால், என்ன ஓஎஸ் என்பதே பல வேலைகளுக்கு முக்கியமில்லாமல் போய்விட்டது. சின்ன ஓஎஸ்-களுக்கு இது மறைமுகமாகக் கிடைத்த பெரிய வரம்.

இதில் ஒரு பக்கவிளைவும் உண்டு. மொழிபெயர்ப்பு அடுக்கு நன்றாக வேலை செய்யச் செய்ய, 'அதான் ஓடுதே, தனிப் பதிப்பு எதுக்கு?' என்று நிறுவனங்கள் கேட்கத் தொடங்கிவிடும். 1990-களில் ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/2 இயங்குதளத்தில் விண்டோஸ் செயலிகள் நன்றாகவே ஓடின. அதனாலேயே அதற்கென்று தனியாகச் செயலி எழுதும் ஆர்வம் பலருக்கும் போய்விட்டது என்று இன்றும் சொல்வார்கள்.

சுவரை உடைத்த ஒரு கதை

இந்த கோழி - முட்டை சுழலை உடைக்கவே முடியாதா? உடைத்துக் காட்டிய நிறுவனம் ஒன்று இருக்கிறது: ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையை நடத்தும் வால்வ்.

2012-ல் விண்டோஸ் 8 வந்தபோதே வால்வ் தலைவர் கேப் நியூவெல் அதைக் கடுமையாக விமர்சித்தார். மைக்ரோசாஃப்ட் தன் சொந்த கடையை விண்டோஸுக்குள்ளேயே வைத்துவிட்டால், நாளைக்கு தன் கடையின் கதி என்ன என்ற கவலை. லினக்ஸ் பக்கம் திரும்பினார். 2015-ல் 'ஸ்டீம் மெஷின்' என்ற பெயரில் லினக்ஸ் கேம் பெட்டிகள் வந்தன. கேம் நிறுவனங்கள் லினக்ஸ் பதிப்பு செய்ய முன்வரவில்லை. பெட்டிகள் விலை போகவில்லை.

அடுத்த தடவை வால்வ் வேறு மாதிரி யோசித்தது. கேம் நிறுவனங்களைக் கெஞ்சிக்கொண்டிருக்காமல், வைன் திட்டத்தில் பணத்தைப் போட்டு, 2018-ல் 'புரோட்டான்' என்ற மொழிபெயர்ப்பு அடுக்கைக் கொண்டு வந்தது. 2022-ல் லினக்ஸில் ஓடும் 'ஸ்டீம் டெக்' என்ற கையடக்க கேம் கருவி விற்பனைக்கு வந்தது. விண்டோஸுக்காக எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான கேம்கள் அதில் ஓடின. வாங்கியவர்களில் பலருக்கு உள்ளே இருப்பது லினக்ஸ் என்பதே தெரியாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். சுவர் உடைந்தது தொழில்நுட்பத்தால் மட்டும் இல்லை. 'இந்தக் கேம் இந்தக் கருவியில் ஓடும், சோதித்துவிட்டோம்' என்று பொறுப்பேற்க காசுள்ள ஒருவர் முன்வந்தார். அதனால்தான்.

காசு எங்கே இருந்து வரும்?

எல்லா ஓஎஸ்-க்கும் ஒரு வால்வ் கிடைப்பதில்லை. ஓப்பன்பிஎஸ்டி என்ற இன்னொரு திட்டத்தின் கதையே சாட்சி. உலகின் பெரும்பாலான சர்வர்களுக்குள் பாதுகாப்பாக நுழையப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருள் அவர்கள் உருவாக்கியதுதான். அப்படிப்பட்ட திட்டம், 2014 தொடக்கத்தில் சுமார் 20,000 டாலர் கரண்ட் பில் கட்டப் பணமில்லாமல் வெளியே கையேந்தியது. நன்கொடை வந்து தப்பித்தது. அடுத்த ஆண்டு மைக்ரோசாஃப்ட்டே பெரிய தொகை கொடுத்து நன்கொடையாளர் பட்டியலில் சேர்ந்தது.

இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் வரத் தொடங்கியிருக்கிறது. 2024-ல் ஜெர்மனி அரசின் சாவரின் டெக் அமைப்பு, ஃப்ரீபிஎஸ்டி உள்கட்டமைப்பை மேம்படுத்த 6,86,400 யூரோ ஒதுக்கியது. அதே ஆண்டு, லேப்டாப்களில் ஃப்ரீபிஎஸ்டி ஒழுங்காக ஓடுவதற்காக 7.5 லட்சம் டாலர் மதிப்பிலான திட்டமும் அறிவிக்கப்பட்டது. வைஃபை, ஸ்லீப் மோடு போன்ற அடிப்படை வசதிகளைச் சரிசெய்வதுதான் அதன் வேலை.

அரசுகள் வாடிக்கையாளராக வந்தால் கணக்கே மாறும். ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாகாணம், சுமார் 30,000 அரசு கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கும் லிப்ரேஆஃபீஸுக்கும் மாற்றப் போவதாக 2024-ல் அறிவித்தது. 50 பேர் கேட்டால் காதில் வாங்காத நிறுவனம், 30,000 பேர் கேட்டால் எழுந்து நின்று கேட்கும்.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு அத்தியாயம் உண்டு. சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் 2007-ல் வெளியானது. தமிழக அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு சேர்த்து இந்த பாஸ் லினக்ஸும் கொடுக்கப்பட்டது நினைவிருக்கும். ஆனால் அந்த லேப்டாப் வாங்கிய பல மாணவர்கள் ஆன் செய்ததும் விண்டோஸைத் தேர்வு செய்ததுதான் யதார்த்தம். ஓஎஸ் கையில் இருந்தது. அவர்கள் தேடிய மென்பொருளும், சந்தேகம் கேட்டால் சொல்லித்தர பக்கத்தில் ஆளும் விண்டோஸ் பக்கம்தான் இருந்தன.

விண்டோஸ் 10 முடிஞ்சாச்சு... லினக்ஸுக்கு மாறலாமா?

விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப்பை வைத்திருப்பவர்கள் முன் இப்போது இருக்கும் கேள்வி இது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை அவகாசம் உண்டு. அதற்குள் முடிவெடுக்க, இந்த ஐந்து விஷயங்களைச் சரிபார்ப்பது நல்லது.

• வேலையின் பட்டியல்: ஒரு வாரம் நீங்கள் கம்ப்யூட்டரில் திறக்கும் எல்லா மென்பொருளையும் எழுதி வையுங்கள். எல்லாமே பிரவுசருக்குள் நடப்பதாக இருந்தால், உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவற்றுக்குத் தயக்கமின்றி மாறலாம்.

• விட முடியாத ஒன்று: டேலி, ஃபோட்டோஷாப், இன்டிசைன் போன்றவற்றில்தான் பிழைப்பு என்றால் அவசரப்படாதீர்கள். டிடிபி சென்டர் வைத்திருப்பவர்கள் ரொம்பவே யோசிக்க வேண்டும். 'வைனில் ஓடுதாம்' என்ற பேச்சை நம்பி, கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

• இணைக்கும் கருவிகள்: பிரிண்டர், ஸ்கேனர், கைரேகை கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஆகியவற்றின் நிறுவன இணையதளத்தில் லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். ஹெச்பி தன் பிரிண்டர்களுக்கு லினக்ஸ் மென்பொருளை அதிகாரபூர்வமாகவே வழங்குகிறது. எல்லா நிறுவனங்களும் அப்படி இல்லை.

• தமிழ் தட்டச்சு: பலரும் பயன்படுத்தும் என்எச்எம் ரைட்டர் விண்டோஸுக்கானது. ஆனால் லினக்ஸில் 'ஐபஸ்' என்ற வசதி வழியாக தமிழ்99 கீபோர்டு கிடைக்கும். யூனிகோடில் டைப் செய்பவர்களுக்குக் கவலை இல்லை. பழைய ஃபான்ட் முறையில் ஆயிரக்கணக்கான ஃபைல்கள் வைத்திருப்பவர்கள் முதலில் அவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும்.

• சோதனை ஓட்டம்: லினக்ஸை இன்ஸ்டால் செய்யாமலேயே பென் டிரைவில் போட்டு ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சவுண்ட், கேமரா மூன்றும் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

ஃப்ரீபிஎஸ்டி? கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்கிறது என்று உள்ளே போய் கற்றுக்கொள்ள நினைக்கும் மாணவர்களுக்கும், வீட்டில் சின்னதாக சர்வர் வைக்க விரும்புபவர்களுக்கும் அருமையான தேர்வு. தினசரி ஆபீஸ் வேலைக்கு, இப்போதைக்கு, பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்.

மொத்தத்தில்...

ஒரு ஓஎஸ் நல்லதா, கெட்டதா என்பதை வைத்து நிறுவனங்கள் முடிவெடுப்பதில்லை. அப்படி முடிவெடுத்திருந்தால், தங்கள் சர்வர் அறையையே நம்பி ஒப்படைத்திருக்கும் ஓஎஸ்-க்கு ஒரு செயலி எழுதியிருப்பார்கள். அவர்கள் பார்ப்பது, அந்த ஓஎஸ்-ல் காசு கொடுக்கும் ஆட்கள் எத்தனை பேர் என்பதை மட்டும்தான்.

அதனால் புதிய ஓஎஸ்-க்கு மாறும் முன் 'இதில் என் மென்பொருள் ஓடுமா?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'ஓடாமல் நின்றுபோனால் யார் பொறுப்பு?' என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அதற்கு ஒரு பெயரோ, ஒரு போன் நம்பரோ, குறைந்தபட்சம் கேட்டால் பதில் சொல்லும் ஒரு தெரிந்த ஆளோ இருந்தால், தாராளமாக மாறலாம்.